பொய்சாட்சிக்கு ஏழு வருடம், ஏட்டில் மட்டும்

பள்ளிக்கூடத்தில் நல்வழியை மனப்பாடம் செய்த தலைமுறை நாம். வழக்கு மன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து பேசியவன் வீட்டில் வேதாளம் சேரும், எருக்கு பூக்கும், மூதேவி வந்து தங்குவாள், பாம்பு குடியேறும் என்று ஔவையார் அதில் பாடி வைத்திருக்கிறார். சின்ன வயதில் இதைப் படித்து நான் உண்மையிலேயே பயந்திருக்கிறேன்.

பிறகு கோர்ட்டில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஒரு பொய்சாட்சிக்காரர் வீட்டில் எருக்கும் பூக்கவில்லை, பாம்பும் வரவில்லை. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. புதுமனை புகுவிழாவுக்கு எனக்கே பத்திரிகை கொடுத்தார். நான் போகவில்லை. அதைத் தவிர வேறு எதுவும் செய்யவும் இல்லை. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன். ஊர், கோர்ட், ஆட்கள் பெயர் எதுவும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். முன்சீப் கோர்ட்டில் நான் பெஞ்ச் கிளார்க். ஒரு விதவை அம்மாள் மீது வழக்கு. பிள்ளை இல்லாத தம்பதி, கணவர் இறந்துவிட்டார். ஓட்டு வீடும் எண்பது சென்ட் நஞ்சையும்தான் சொத்து. கணவரின் அண்ணன் மகன் ஓர் உயிலைக் கொண்டுவந்து, 'சித்தப்பா எல்லாவற்றையும் எனக்கு எழுதி வைத்துவிட்டார், வீட்டைக் காலி செய்து தர வேண்டும்' என்று வழக்குப் போட்டார். பதிவு செய்யாத உயில். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், அதில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து 'என் கண்முன்னால் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்ல வேண்டும் என்பது சட்டம். நம்முடைய மாடி வீட்டுக்காரர் அப்படி வந்தவர்தான்.

அவருக்குச் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தவன் நான். 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று அவர் கணீரென்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உயில் எழுதிய அன்று காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை இறந்தவரின் வீட்டிலேயே இருந்ததாகவும், மத்தியானம் அங்கேயே சாப்பிட்டதாகவும் சாட்சி சொன்னார். என்ன குழம்பு என்பது வரைக்கும் சொன்னார்.

அந்த அம்மாளின் வக்கீலிடம் ஒரு வயதான குமாஸ்தா இருந்தார். அவருக்கு அந்தத் தேதி எங்கேயோ இடித்திருக்கிறது. பழைய டைரியைப் புரட்டினார். அதே நாளில் இதே மனிதர், அதே காம்பவுண்டில் உள்ள மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில், ஒரு திருட்டு வழக்கில் மகஜர் சாட்சியாகக் கூண்டில் நின்றிருக்கிறார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தவரே இந்த வக்கீல்தான்! நகல் மனு போட்டு அந்தச் சாட்சியத்தின் நகலை வாங்கிவிட்டார்கள். தேதி, தகப்பனார் பெயர், ஊர், கையெழுத்து எல்லாம் பொருந்தின. அன்று சாட்சிப் படி வாங்கியதற்குக்கூடக் கையெழுத்து இருந்தது. இறந்தவரின் கிராமத்துக்கும் கோர்ட்டுக்கும் முப்பது கிலோமீட்டர்.

குறுக்கு விசாரணையில் அந்த நகலை அவர் முன்னால் நீட்டினார்கள். மனிதர் அசரவில்லை. "கையெழுத்து என்னுது மாதிரிதாங்க இருக்கு" என்றார். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

உயில் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. 'இந்தச் சாட்சியின் சாட்சியம் நம்பத்தகுந்ததாக இல்லை' என்று தீர்ப்பில் ஒரு வரி. அதற்கு முன்பே, பொய்சாட்சி சொன்னவர் மீதும் சொல்ல வைத்தவர் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 340-வது பிரிவில் அம்மாள் தரப்பில் ஒரு மனு போட்டிருந்தார்கள். மெயின் வழக்கு முடியட்டும் என்று அது கட்டுக்குள் கிடந்தது. வழக்கு முடிந்தது, அப்பீல் வந்தது. அப்பீல் முடியட்டும் என்றார்கள். முன்சீப் மாறினார், இன்னொருவர் வந்தார், அவரும் மாறினார். கடைசியில் வந்தவர் கட்டைப் பார்த்துவிட்டு, 'சொத்துதான் கிடைத்துவிட்டதே, இத்தனை வருடம் கழித்து இது நீதியின் நலனுக்கு உகந்ததல்ல' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அந்த அம்மாள் என்னிடம் வந்து கேட்டார்: "ஏந்தம்பி, அந்தப் பொய் சொன்னவனுக்கு என்னதான் ஆச்சு?"

"அதான் கேஸ் ஜெயிச்சிட்டீங்களேம்மா, விடுங்க" என்று சொன்னேன்.

கேஸ் ஜெயித்தார் உண்மைதான். அதற்காகப் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்தார். வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் நகலுக்குமாக எண்பது சென்ட்டில் பாதியை விற்றார். இரண்டாவது அப்பீல் தீரும் முன்பே இறந்தும் போனார். நம்மவரோ அடுத்த மாதமே இன்னொரு வழக்கில் சாட்சி சொல்ல வந்து, "சார், சௌக்கியமா?" என்றார். மறுபடியும் நான்தான் சத்தியப் பிரமாணம் செய்து வைத்தேன்.

இதை ஒரு தனிப்பட்ட சோகக் கதையாக எழுதவில்லை. என் சர்வீஸ் முழுக்க, 'இந்தச் சாட்சி சொன்னது பொய்' என்ற பொருளில் எழுதப்பட்ட தீர்ப்புகள் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. பொய்சாட்சிக்காகத் தண்டனை பெற்று ஜெயிலுக்குப் போனவர் ஒருவரையும் நான் பணியாற்றிய கோர்ட்டுகளில் பார்க்கவில்லை. சட்டம் இல்லாததாலா? சட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டுகிறது.

வெள்ளைக்காரன் 1860-இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் 193-வது பிரிவு: நீதிமன்ற நடவடிக்கையில் பொய்சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை சிறை, அபராதம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 229-வது பிரிவு. அதே ஏழு வருடம், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பொய்சாட்சியால் ஒரு நிரபராதி தூக்கில் தொங்கிவிட்டால், சாட்சி சொன்னவனுக்கே தூக்குவரை கொடுக்கலாம் என்றும் பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. படித்தால் நடுங்கும்.

ஆனால் இந்தச் சட்டத்துக்குச் சாவி ஒன்று உண்டு. போலீஸ் தானாகப் பொய்சாட்சி வழக்குப் போட முடியாது. பாதிக்கப்பட்ட நீங்களும் நானும் நேராக மாஜிஸ்ட்ரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்க முடியாது. எந்தக் கோர்ட்டில் பொய் சொல்லப்பட்டதோ அந்தக் கோர்ட்டே (அல்லது அதற்கு மேலான கோர்ட்) எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் வழக்கு. பழைய சட்டத்தில் 195, 340; புதியதில் 215, 379. கண்டவன் கண்டவன்மேல் பொய்சாட்சி கேஸ் போட்டு அலைக்கழிக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் வைத்த பூட்டு அது. இன்று பூட்டு மட்டும்தான் இருக்கிறது. சாவி நீதிபதியின் மேஜை இழுப்பறையில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

சரி, ஒரு நீதிபதி துணிந்து புகார் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவரே புகார்தாரர் ஆகிவிடுகிறார். புகார் முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டிடம் போகிறது. புகார் கொடுத்ததை எதிர்த்தே அப்பீல் போகலாம், போவார்கள். குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. விசாரிக்கும் முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட் தானாக மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை விதிக்க முடியாது. ஆக அந்த ஏழு வருடம் பெரும்பாலும் அலங்காரம். வாய்தா, வாய்தா என்று இழுத்து, சாட்சிகள் வரும்போது எல்லாருக்கும் மறந்து போயிருக்கும். பொய்சாட்சி வழக்கிலும் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே! அங்கே யார் மெய் சொல்லப் போகிறார்கள்?

இன்னொரு பிரிவும் உண்டு. பலருக்கு இது தெரியாது. பழைய 344, புதிய 383. செஷன்ஸ் நீதிபதியோ முதல் வகுப்பு மாஜிஸ்ட்ரேட்டோ, தீர்ப்புச் சொல்லும்போதே 'இந்தச் சாட்சி தெரிந்தே பொய் சொன்னார்' என்று பதிவு செய்து, விளக்கம் கேட்டு, சுருக்கமாக விசாரித்து, தானே தண்டிக்கலாம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேறு கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் அபராதத்தைப் பாருங்கள்: பழைய சட்டத்தில் 500 ரூபாய் வரை, புதிய சட்டத்தில் தாராளமாக உயர்த்தி 1,000 ரூபாய் வரை. ஒரு பொய்க்கு ஐந்து இலக்கத்தில் கூலி வாங்குபவனுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம்! அதோடு, முன்சீப் கோர்ட்டுக்கு இந்த அதிகாரம் கிடையாது. பொய் மூட்டை மூட்டையாக வந்து இறங்குவதே சிவில் கோர்ட்டில்தான். 2002-க்குப் பிறகு சிவில் வழக்கில் முதல் விசாரணையே பிரமாணப் பத்திரமாகத்தான் வருகிறது. வக்கீல் ஆபீஸில் டைப் அடித்து, கட்சிக்காரர் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வருகிற காகிதம். கூண்டில் ஏறிப் பொய் சொல்ல ஒரு கூச்சமாவது இருந்தது. காகிதத்துக்கு என்ன கூச்சம்?

சுப்ரீம் கோர்ட்டுக்கு இது தெரியாதா? தெரியும். பொய்சாட்சி நீதிமன்றங்களில் ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆகிவிட்டது என்று 2000-ஆம் ஆண்டு ஸ்வரன் சிங் வழக்கில் வருத்தப்பட்டது. 2005-இல் இக்பால் சிங் மர்வா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒவ்வொரு பொய்க்கும் புகார் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை, நீதியின் நலனுக்கு உகந்ததா என்று பார்த்தே கொடுக்க வேண்டும் என்றது. தீர்ப்பு நியாயமானதுதான். கோபத்தில் யாரும் புகார் கொடுக்கக் கூடாது அல்லவா? ஆனால் கீழே என்ன நடந்தது? 'உகந்ததா என்று பார்' என்றது 'உகந்ததல்ல என்று எழுதி முடி' என்றாகிவிட்டது. அந்த அம்மாளின் மனுவை முடித்ததும் அதே சொல்தான்.

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: 'கிரிமினல் கேஸில் தினமும் சாட்சிகள் பல்டி அடிக்கிறார்களே, அவர்களை எல்லாம் உள்ளே தள்ளச் சொல்கிறீர்களா?' இல்லை. இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். போலீஸில் சொன்னதாக எழுதப்பட்ட வாக்குமூலம் சத்தியம் செய்து சொன்னதல்ல. அதில் சாட்சியின் கையெழுத்தும் இருக்காது. அதை மறுத்தார் என்பதாலேயே ஒருவர் பொய்சாட்சி ஆகிவிட மாட்டார். டீக்கடையில் நின்றவனைக் கூப்பிட்டு மகஜரில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அவன் கோர்ட்டில் வந்து 'எனக்கு ஒன்றும் தெரியாது, கையெழுத்துப் போடச் சொன்னார்கள்' என்றால், பிறழ் சாட்சி என்று முத்திரை குத்துவோம். பல நேரம் அவன் அப்போதுதான் உண்மையைச் சொல்லியிருப்பான்!

பயத்தில் மாற்றிச் சொல்கிறவன் வேறு, கூலிக்கு மாற்றிச் சொல்கிறவன் வேறு. எதிராளி ரவுடி, இவன் கூலிக்காரன், பெண்டு பிள்ளைகள் உண்டு என்றால் அவன் வாய் திறப்பானா? சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்குச் சுப்ரீம் கோர்ட் 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. என் ஊர்ப் பக்கம் அதனால் பாதுகாப்புப் பெற்ற ஒரு சாட்சியை இன்னும் நான் சந்திக்கவில்லை.

பிரபலமான வழக்குகளில் என்ன ஆயிற்று என்றும் பாருங்கள். குஜராத் பெஸ்ட் பேக்கரி வழக்கில் மாற்றி மாற்றிச் சொன்ன இளம்பெண் சாகிரா ஷேக்குக்கு 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் ஒரு வருடச் சிறையும் 50,000 ரூபாயும் விதித்தது. அதுவும் பொய்சாட்சிப் பிரிவில் அல்ல, கோர்ட் அவமதிப்பில். கலவரத்தில் குடும்பத்தாரைப் பறிகொடுத்த பெண் அவர். டெல்லியில் ஜெசிகா லால் கொலை நடந்தது 1999-இல். அந்த வழக்கில் பொய்சாட்சி சொன்னதாக இருவர் மீது நடவடிக்கை எடுக்க ஹைகோர்ட் உத்தரவிட்டது 2013-இல். நாடே கொதித்து எழுந்த வழக்கிலேயே இதற்குப் பதினான்கு வருடம் என்றால், எண்பது சென்ட் நஞ்சைக்கு யார் கொதிப்பார்கள்?

வெளிநாட்டில் இப்படி இல்லை. ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் நாம் எல்லாரும் ஜெஃப்ரி ஆர்ச்சர் நாவல் வாங்கியிருப்போம். பிரிட்டனில் ஆளும் கட்சியின் துணைத் தலைவராக இருந்தவர், பிரபு பட்டம் பெற்றவர். 1987-இல் ஒரு பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டு ஐந்து லட்சம் பவுண்டு ஜெயித்தார். அதில் பொய் சொன்னது பின்னால் அம்பலமாகி, 2001-இல் நான்கு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். கவனியுங்கள்: சிவில் வழக்கு. கேஸ் முடிந்து பதினான்கு வருடம் ஆயிற்று. 'அதான் முடிந்துவிட்டதே, விடுங்க' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மந்திரியாக இருந்த ஜோனதன் எய்ட்கனும் அதேபோல அவதூறு வழக்கில் பொய் சொல்லி 1999-இல் பதினெட்டு மாதத் தண்டனை பெற்றார். இங்கே அந்தப் பதவியில் உள்ளவர் பொய்யான பிரமாணப் பத்திரம் போட்டால், அவர் வக்கீல் 'தட்டச்சுப் பிழை' என்பார். திருத்த மனு போடுவார்கள்.

'கோர்ட்டில் ஏற்கெனவே கேஸ் மலை மாதிரி குவிந்து கிடக்கிறது, இதையும் சேர்த்தால் தாங்குமா?' என்பது வழக்கமான பதில். நான் அந்த மலையின் அடியிலேயே உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். சொல்கிறேன், கேளுங்கள். அந்த மலையில் எத்தனையோ கட்டுகள் பொய்யை நம்பியே போடப்பட்டவை. பொய் உயில், பொய் அக்ரிமென்ட், பொய் புரோநோட்டு, வராத ஆள் வந்ததாகச் சம்மன் சார்வு. பொய்க்கு விலை இல்லை என்பதால்தான் அந்த வழக்குகள் வருகின்றன. ஒரு தாலுகாவில் வருடத்துக்கு இரண்டு பேர், இரண்டே பேர், ஒரு மாதம் ஜெயிலுக்குப் போய் வரட்டும். செய்தி டீக்கடை டீக்கடையாகப் பரவும். ஏழு வருடம் வேண்டவே வேண்டாம். வராத ஏழு வருடத்தைவிட, நிச்சயமாக வரும் ஏழு நாள் பெரிது.

340 மனுவையே ஆயுதமாக்கி எதிராளியை மிரட்டுகிறார்கள் என்பதும் உண்மை. நானே அப்படிப்பட்ட மனுக்களைப் பார்த்திருக்கிறேன்; பல மனுக்கள் வெறும் வயிற்றெரிச்சல். அதற்கு மருந்து, உப்புச் சப்பில்லாத மனுவை உடனே தள்ளுபடி செய்வது. நல்ல மனுவையும் கெட்ட மனுவையும் ஒரே கட்டில் போட்டு மக்க வைப்பது அல்ல. முன் விசாரணை நடத்துவதும் எதிராளியைக் கேட்பதும் கட்டாயம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் 2022 செப்டம்பரிலேயே தெளிவாக்கிவிட்டது. தாமதத்துக்கு அந்தச் சாக்கும் போயிற்று.

நான் கேட்பது நான்கே விஷயம்.

ஒன்று: 'இந்தச் சாட்சி பொய் சொல்கிறார்' என்று தீர்ப்பில் எழுதும் நீதிபதி, அவர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்பதையும் அதே தீர்ப்பில் எழுத வேண்டும். ஒரு பத்தி போதும்.

இரண்டு: பொய்சாட்சி மனுவை மெயின் வழக்கின் தீர்ப்போடு சேர்த்தே முடிக்க வேண்டும். அப்பீலுக்குப் பின், மாறுதலுக்குப் பின் என்ற பேச்சே கூடாது.

மூன்று: சுருக்கமாக விசாரித்துத் தண்டிக்கும் அந்த 383-வது பிரிவு அதிகாரத்தை முன்சீப், சப் கோர்ட்டுகளுக்கும் கொடுக்க வேண்டும். அபராதத்தை வழக்குச் சொத்தின் மதிப்புக்கு ஏற்ப வைக்க வேண்டும். அது பொய்யால் பாதிக்கப்பட்டவர் கைக்குப் போக வேண்டும்.

நான்கு: முதலில் பிடிக்க வேண்டியது பொய்யால் ஆதாயம் அடைந்தவனை. கூண்டில் நின்ற கூலிச் சாட்சியை அப்புறம் பார்க்கலாம். தூண்டியவனுக்கும் அதே தண்டனை உண்டு. சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைப்பவனுக்குத் தனிப் பிரிவே உண்டு. என் கதையில் மாடி வீட்டுக்காரரைவிட, அவருக்கு மாடி கட்டப் பணம் கொடுத்த அண்ணன் மகன்தான் பெரிய குற்றவாளி. அவர் பெயரைத் தீர்ப்பில் 'வாதி' என்று மட்டும்தான் எழுதினோம்.

கடைசியாக, என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த மனுவை வாய்தாவுக்கு வாய்தா கட்டின் அடியில் வைத்துக் கட்டியவன் நான். நீதிபதி மாறும்போதெல்லாம் புதியவர் மேஜையில் அதை மேலே எடுத்து வைத்து, 'ஐயா, இது நிலுவையில் இருக்கிறது' என்று சொல்லியிருக்கலாம். அது என் வேலையும்கூட. யாரும் தடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லவில்லை. கூண்டில் ஏறிப் பொய் சொன்னால்தான் பொய்சாட்சி என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஔவையார் சாபத்தை நம்பிக் காத்திருந்தால் எருக்கு பூக்காது. உங்கள் ஊரில், உங்கள் வழக்கில் இப்படி ஒன்று நடந்தால், தீர்ப்பு வந்த அன்றே வக்கீலிடம் கேளுங்கள்: "பொய் சொன்னவன் மேல் மனு போட்டீர்களா? அது எந்த நிலையில் இருக்கிறது?" கோர்ட் ஆபீஸில் என்னைப் போல ஒருவர், "அதான் ஜெயிச்சிட்டீங்களே, விடுங்க" என்று சொல்வார். விடாதீர்கள்.